நானோசெல்லுலோஸ் என்று போட்டிருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ஃபேஸ் மாஸ்க் பாக்கெட்டில் ‘பயோசெல்லுலோஸ், நானோ இழை’ என்று போட்டு, சாதாரண ஷீட் மாஸ்க்கைவிட மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். இது பிளாஸ்டிக்கா? நானோ என்றால் தோலுக்குள் போய்விடாதா?

பதில்: பிளாஸ்டிக் இல்லை. நாட்டா டி கோகோ ஜூஸ் குடித்திருக்கிறீர்களா? பல்லில் நறுக் நறுக்கென்று கடிபடும் அந்தத் துண்டும் இதுவும் ஒரே சரக்குதான். தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டு ஒரு வகை பாக்டீரியாவை விட்டால், பாலில் ஆடை கட்டுவதுபோல மேலே செல்லுலோஸ் (செடிகளிலும் காகிதத்திலும் இருக்கும் நார்ப்பொருள்) படலம் கட்டும். பிலிப்பைன்ஸ்காரர்கள் அதைத் தின்பண்டமாக்கினார்கள், அழகுசாதனக்காரர்கள் முகத்தில் ஒட்டிவிட்டார்கள். அதன் இழையின் பருமன்தான் நானோ அளவு (கண்ணுக்கே தெரியாத நுண்மை), நானோசெல்லுலோஸ் என்பது அதனால்தான்; நீளம் அதைவிடப் பல மடங்கு. வலைபோலப் பின்னிக் கிடப்பதால் தூளாக உதிர்ந்து தோலுக்குள் போகும் சமாச்சாரம் இல்லை.

தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கழுத்தில் சொட்டாமல் மூக்கு மடிப்பு வரை அப்பிக்கொள்ளும். கூடுதல் காசு அதற்குத்தான். சருமத்துக்கு என்ன ஆகும் என்பதை உள்ளே ஊறியிருக்கும் சீரம்தான் முடிவு செய்கிறது, ஆகவே பாக்கெட்டில் சீரத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைப் படியுங்கள்.

அசலா என்று பார்க்க, ஈரத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: கண்ணாடிபோல, வழுவழுவென்று ஜெல்லியாக இருக்கும். காய்ந்தால் மெல்லிய காகிதமாகிவிடும். வெள்ளைத் துணிபோல இருந்தால் சாதாரண ஷீட்தான்.

கேள்வி: பேனா, ஷூவில்கூட நானோசெல்லுலோஸ் வருகிறதாமே? எஃகைவிட ஐந்து மடங்கு பலம் என்கிறார்கள்.

பதில்: வருகிறது, ஆனால் அது பாக்டீரியா கட்டுவது அல்ல, மரக்கூழிலிருந்து எடுப்பது. பேனாவில் உண்மையாகவே வேலை செய்கிறது. மிட்சுபிஷி பென்சில் (பெயர்தான் ஒன்று, கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 2016-ல் ஜப்பானில் விற்க ஆரம்பித்த யூனிபால் சிக்னோ 307 ஜெல் பேனா மையில் இதைத்தான் கெட்டிப்படுத்தச் சேர்க்கிறார்கள். முனைக் குண்டு உருளும்போது மை இளகும், நின்றதும் கெட்டியாகும். அதனால் வேகமாக எழுதினாலும் எழுத்து விட்டு விட்டு வராது. நிறைய எழுதுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஷூ கதை வேறு. ஆசிக்ஸ் என்ற ஜப்பானிய ஷூ கம்பெனி 2018-ல் ஜெல் காயானோ 25 என்ற ஓட்ட ஷூவின் நடு அட்டை ஃபோமில் இதைக் கலந்தது, எடை கூடாமல் உறுதி கிடைக்கத்தான். ஆனால் அந்த ஐந்து மடங்குக் கணக்கு தனி இழைக்குச் சொல்வது, ஷூவுக்கு அல்ல. அப்புறம், ‘தாவரப் பொருள், மண்ணில் மக்கும்’ என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் நம்பவேண்டாம். மக்குவது செல்லுலோஸ், அதைச் சுற்றியிருக்கும் ஃபோம் அப்படியே கிடக்கும். கடையில் பத்தடி நடந்து பாருங்கள், கால் சொல்வதை வைத்து வாங்குங்கள்.