கேளுங்கள், சொல்கிறோம்: பிளக்கைப் பிடுங்குவது யார்?

கேள்வி: ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள், கட்டுரையில் ‘தே புல்டு தி பிளக் ஆஃப் தி புராஜெக்ட்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டார். என்ன தவறு? ‘நிப் இன் தி பட்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உடைமை காட்டும் ‘ஆஃப்’தான் தவறு. ‘ஆன்’ வரவேண்டும். ‘ஆஃப்’ போட்டால் திட்டத்துக்குச் சொந்தமான ஏதோ ஒரு பிளக்கை இழுத்தார்கள் என்றாகிவிடும். பிளக் எப்போதும் ஒருமைதான். பத்துத் திட்டங்களை நிறுத்தினாலும் ‘பிளக்ஸ்’ ஆகாது.

பொருளுக்கு அடுப்படியைப் பாருங்கள். பிளண்டரில் சட்னி அரைபடுகிறது. சுவிட்சை அடைக்காமல் மூன்றுமுனை பிளக்கை ஒருவர் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறார். தேங்காய் பாதி அரைபட்டபடியே நிற்கும். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, நிறுத்தும் அதிகாரமோ பணமோ கையில் உள்ளவர் நடுவழியில் நிறுத்துவதுதான் இந்த மரபுத்தொடர். தமிழில் ‘கைவிட்டார்கள்’ என்பது நெருங்கிவரும். ‘மூடுவிழா நடத்திவிட்டார்கள்’ என்றால் அந்தக் காரமும் சேரும்.

பிடுங்கிய கை ஒன்று இருக்கவேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டத்துக்கு 2016 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாற்றங்கள் குறித்து இரு நாடுகளுக்கும் உடன்பாடு ஏற்படாமல் 2020 டிசம்பர் 31இல் அது காலாவதியானது. இதற்கு ‘லேப்ஸ்டு’ என்பதே சரியான சொல். ஒரு நாட்டின் பெயரைப் போட்டு ‘புல்டு தி பிளக்’ என்று எழுதினால், பொறுப்பை அந்த நாட்டின் தலையில் கட்டுகிறோம். தெரிந்துதான் எழுதவேண்டும்.

‘நிப் இன் தி பட்’ வேறு. அது முளையிலேயே கிள்ளுவது. வளரவிடக்கூடாத வதந்தி, கெட்ட பழக்கம் போன்றவற்றுக்கே பெரும்பாலும் வரும். பிளக் பிடுங்குவதற்கோ காரியம் நல்லதா கெட்டதா என்ற கணக்கில்லை. ‘கால் இட் எ டே’ என்பது, நம் வேலையை நாமே ‘இத்தோடு போதும்’ என்று முடித்துக்கொள்வது.

ஒரு எச்சரிக்கை: நோயாளியின் உயிர்காக்கும் கருவியை நிறுத்துவதற்கும் ‘புல் தி பிளக்’ என்பார்கள். துக்க வீட்டில் அது காதில் விழுந்தால் மிகவும் வலிக்கும். அங்கே வேண்டவே வேண்டாம். அரசு அலுவலகக் கடிதத்திலும் ‘கேன்சல்டு’ போதும். கட்டுரையில் தாராளமாக எழுதலாம். மகளின் வாக்கியத்தில் காரணத்தையும் சேர்த்துவிட்டால் இன்னும் பொருந்தும்: ‘தே புல்டு தி பிளக் ஆன் தி புராஜெக்ட் வென் தி மணி ரேன் அவுட்.’