டாக்டர் கனவு போனபின் சட்டம் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. விபத்துக்குப் பிறகு மகனுக்கு வலது கை சரியாக வரவில்லை, டாக்டர் கனவை விட்டுவிட்டு வக்கீலுக்குப் படிக்கிறேன், அப்புறம் அரசியலுக்குப் போவேன் என்கிறான், விரக்தியில் பேசுகிறானோ என்று கேட்டிருக்கிறீர்கள். விரக்தி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதனால் அந்த வழியே தப்பு என்று ஆகிவிடாது.

அமெரிக்க அரசியல்வாதி பாப் டோலைப் பற்றி அவனிடம் பேசிப் பாருங்கள். கான்சஸ் மாநிலத்தில் ரஸ்ஸல் என்ற சின்ன ஊர்க்காரர். டாக்டராகும் எண்ணத்தோடு படித்துக்கொண்டிருந்தவர், நடுவில் ராணுவத்துக்குப் போனார். 1945 ஏப்ரல் 14 அன்று இத்தாலியில் குண்டடிபட்டு வலது தோள் நொறுங்கியது. மூன்று வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாசம். கை மிஞ்சியது, ஆனால் வேலைக்கு உதவவில்லை. பிற்காலத்தில் யாரும் வலது கையைப் பிடித்துக் குலுக்கிவிடாமல் இருக்க, அதில் எப்போதும் ஒரு பேனாவைச் செருகி வைத்திருப்பார்.

சட்டக் கல்லூரியில் பாடங்களை ஒலிப்பதிவு செய்துகொண்டு, பிறகு அதைக் கேட்டு இடது கையால் குறிப்பெழுதினார். உங்கள் வீட்டிலும் முதல் கேள்வி இதுதான். தேர்வில் கூடுதல் நேரம் தருவார்களா, சொல்வதை எழுத ஆள் தருவார்களா? கல்லூரியில் சேர்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்தது பணம். போரிலிருந்து திரும்பியவர்களுக்காக அங்கே 1944இல் ஒரு சட்டம் வந்தது. கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே கட்டியது, கைச்செலவுக்கும் மாதாமாதம் கொடுத்தது. உங்கள் பையனுக்கு அந்த வசதி இல்லை. அதனால் படிப்பு முடியும்வரை ஆகும் செலவை இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அரசியல் விஷயத்தில்தான் பையன்கள் அவசரப்படுகிறார்கள். டோலும் மாணவராக இருக்கும்போதே, 1950இல், மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானவர்தான். ஆனால் என்னைக் கேட்டால், அவரை உருவாக்கியது அதற்குப் பிறகு பார்த்த சாதாரண உத்தியோகம். 1953 முதல் 1961 வரை சொந்த ஊரிலேயே கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞர். ஏழைகளுக்கான உதவித்தொகைப் பட்டியலில் கையெழுத்திடுவதும் அவர் வேலை. அந்தப் பட்டியலில் அவருடைய தாத்தா பாட்டியின் பெயரும் இருந்தது. வறுமையை மேடைப் பேச்சில் கேட்பது வேறு, மாதாமாதம் காகிதத்தில் பார்ப்பது வேறு. 1969இல் செனட்டுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவைக்குப் போனவர், தாம் அடிபட்ட அதே ஏப்ரல் 14 அன்று எழுந்து மாற்றுத்திறனாளிகளைப் பற்றித் தம் முதல் உரையை ஆற்றினார். 1977இல் உணவு உதவிச் சட்டத்துக்காக மாற்றுக் கட்சி செனட்டரோடு சேர்ந்து நின்றார்.

இன்னொரு கதையும் சொல்லுங்கள். டோலோடு ஒரே ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஹவாயைச் சேர்ந்த டேனியல் இனோயே. அவருக்கும் டாக்டராகும் ஆசை. டோலுக்கு ஒரு வாரம் கழித்து, அதே இத்தாலியில் வலது கையையே இழந்தவர். ஊருக்குப் போய்ச் சட்டம் படிப்பேன், அரசு வழக்கறிஞராவேன், பிறகு சட்டமன்றம், அப்புறம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) என்று டோல் அங்கே தம் திட்டத்தைச் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த இனோயே அதையே பின்பற்றி, 1959இல் டோலுக்கு முன்னால் காங்கிரசுக்குப் போய்விட்டார்! பதவியேற்பில் வலது கையை உயர்த்தச் சொன்னபோது அவர் இடது கையை உயர்த்தினார்.

அடுத்த வாரம் அவனைத் தனியாக அனுப்புங்கள், நீங்கள் கூட வர வேண்டாம். மதிப்பெண் பட்டியல் அவசரமில்லை. இடது கையால் எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.