பழைய தபால் ஊழியர் பதிவேடு என்றால் என்ன? சிங்கப்பூரில் முன்னோரைத் தேட அது உதவுமா?

ஒருவர் எப்போது தபால் வேலையில் சேர்ந்தார், என்ன பதவி, எவ்வளவு சம்பளம் என்று அரசாங்கம் எழுதிவைத்த கணக்குதான் அது. பென்ஷன் கொடுக்கச் சேவைக்காலம் தெரிய வேண்டும். அதனால்தான் அத்தனை கவனம். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி: எழுதியது பணக்கணக்குக்காக, பிற்பாடு உறவையும் காட்டிக்கொடுக்கும்.

1867இல் லண்டனின் நேரடிக் காலனியான நீரிணைக் குடியேற்றத்தின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியவை) அரசு, ஆண்டுதோறும் நீலப் புத்தகம் என்ற அரசுக் கணக்கு, ஊழியர் விவரத் தொகுப்பை வெளியிட்டது. அதிலும் அரசிதழிலும் தொடங்குங்கள். அதிகாரிகள், எழுத்தர்கள் பெயரோடு கிடைக்க வாய்ப்புண்டு. வெயிலில் கடிதம் சுமந்த கடைநிலை ஊழியர்களோ பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். படிக்கும்போது மனம் வலிக்கும். அவர்களுக்காக, தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் பழைய நாளிதழ்களின் ஓய்வு, இரங்கல் செய்திகளைத் தேடுங்கள். ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். முத்துசாமி அங்கே ‘மூட்டூசாமி’ ஆகியிருக்கலாம். அப்புறம், தந்தை பெயரின் முதலெழுத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சிதானே, எல்லாம் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்குள்ள நியமன ஏடுகள் பிரிட்டன் அஞ்சல்துறையினருடையவை, நம்மூர்த் தபால்காரர்கள் காலனி அரசின் ஊழியர்கள்.