அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) இப்போதுதான் மருந்து தொடங்கியிருக்கிறேன், வீட்டில் யாருக்கும் இந்த நோய் புரியவில்லை. ஆதரவுக்கு யாரிடம் போவது?

வீட்டில் உடம்புச் சூடு என்று சொல்லி மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்து வீட்டு அக்கா மூலத்துக்கு ஒரு வைத்தியர் விலாசம் தந்திருப்பார், சரியா? எனக்கும் அதேதான் நடந்தது. ரத்தமும் சளியுமாகப் போனால் மூலம் என்று ஊரே முடிவு கட்டிவிடும். (நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். குடலைப் பார்க்காமலே சூரணம் கொடுத்தவரைத்தான் சொல்கிறேன்.)

எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், அலுத்துப்போகும். ஒரே ஒருவரைப் பிடித்து ஒரு வேலையைக் கொடுங்கள். எனக்கு அது அண்ணி. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரத்துக்கு 5 குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, அதைச் சாப்பிடும் நாட்களில் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். அண்ணி அடுப்படி தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்குக் கீழே அன்றன்றைக்கு எத்தனை மாத்திரை என்று எழுதி வைத்துவிட்டார். ராத்திரி தூக்கமில்லாமல், அகோரப் பசியில் நான் எரிந்து விழுந்தாலும் "மாத்திரை பண்ற வேலை, விடுங்க தம்பி" என்பார். அவருக்கும் நோயின் பெயர் வாயில் நுழையாது.

ஆனால் வீட்டில் பேசக் கூசுகிற விஷயங்களும் உண்டு. அதற்கு இதே நோய் உள்ளவர்தான் வேண்டும். கேஸ்ட்ரோ (குடல்) டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், மெசலமைன் எனிமாவை (ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தும் மருந்து) ராத்திரி படுக்கப் போகும்முன் வைத்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள், உள்ளே தங்கும் என்றார். அவரும் நல்லாயிட்டுது என்று மாத்திரையை விட்டு, பழையபடி ரத்தம் போக ஆரம்பித்து வந்திருந்தார். கூச்சப்படாமல் நம்பர் வாங்கிவிட்டேன், இன்றைக்கும் பேசுகிறோம். நீங்களும் பெஞ்சில் போனை நோண்டாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

வேறு யாரும் உதவ மாட்டார்கள் என்பதை வெளியூர் பஸ்ஸில் ஏறினால் தெரிந்துகொள்வீர்கள். அவசரம் என்று கெஞ்சினாலும் நிறுத்தாத பஸ், ஆறிப்போன தோசைக்கு அநியாய விலை போடும் ஹோட்டல் வாசலில் மட்டும் தவறாமல் நிற்கும். அங்கே கழிப்பறைக்கும் காசு, உள்ளே தாழ்ப்பாள் இருக்காது.

நான் டாக்டர் இல்லை, என்ன மருந்து என்றும் நீங்கள் எழுதவில்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அசதியோப்ரின் மாத்திரை என்றால் வெள்ளை அணுவும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். அதேபோல எதிர்ப்பைக் குறைக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி என்றால் முன்னாடியே டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்காகப் பதற வேண்டாம். வெறுமனே "எப்படி இருக்க?" என்று போன் பண்ணும் நண்பனை ரத்தம் எடுக்கும் நாளைக்கு லேபுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், வருகிறானா பார்ப்போம்.