உதிர்ந்த மான் கொம்பில் கத்திக்குப் பிடி போடலாமா?

கேள்வி: கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். மடக்குக் கத்திகளின் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு எருமைக் கொம்பு, ஈட்டி மரம், ரெசின் ஆகியவற்றில் அலங்காரப் பிடி போட்டுக் கொடுக்கிறேன். வால்பாறைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் பழைய மான் கொம்பைக் கொடுத்து இரண்டு கத்திகளுக்குப் பிடி போடச் சொன்னார். அது வேட்டையில் கிடைத்தது அல்ல, தாத்தா காலத்தில் காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்தது என்கிறார். ஒரு கத்தியை முடித்து, "இதுபோல் செய்து தரப்படும்" என்று இணையத்தில் படம் போட்டேன். வனத்துறை பிடிக்கும் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். உண்மையா? கத்தி விற்க உரிமம் வேண்டுமா? சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் கத்தியில் பிடியை மாற்றி விற்கலாமா?

பதில்: எச்சரித்தவருக்கு நன்றி சொல்லுங்கள் தம்பி. நீங்கள் கத்தியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டியது பிடியை நினைத்து.

கடமானும் புள்ளிமானும் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்கின்றன. ஆகவே காட்டில் கிடக்கும் கொம்பை எடுத்தால் எந்த உயிருக்கும் கேடில்லை என்று மலைப்பகுதியில் பலரும் நம்புகிறார்கள். நியாயமாகத் தோன்றும் வாதம்தான், ஆனால் நீதிமன்றத்தில் நிற்காது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொம்பு எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கொம்பு, எலும்பு, பல், நகம், தந்தம் எல்லாவற்றையும் 2-ஆம் பிரிவில் ஒரே வரையறைக்குள் அடைத்திருக்கிறது. 39-ஆம் பிரிவின்படி அவை அரசின் சொத்து. அப்படிப்பட்ட பொருள் எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வைத்திருப்பது, கைமாற்றுவது, அழிப்பது மூன்றும் குற்றம். விதிவிலக்கு கொடுக்க சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை: மயிலின் தோகை இறகுக்குக் கொடுத்திருக்கிறது. உதிர்ந்த மான் கொம்புக்குக் கொடுக்கவில்லை.

"தாத்தா காலத்துப் பொருள்" என்பதற்கும் ஒரே ஒரு கேள்விதான்: உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? பழைய வீடுகளில் இருந்தவற்றைக் கணக்கில் காட்ட 2003-இல்கூட அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது காட்டிச் சான்றிதழ் பெற்றிருந்தால் வாரிசுக்குப் போகலாம். வாரிசும் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளரிடம் அந்தத் தாள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அது வைத்துக்கொள்ளத்தான். விற்கவோ, தொழில்முறையில் பண்டமாக மாற்றவோ அல்ல. கொம்பு அவருடையது, நான் கூலிக்கு வேலை செய்தேன் என்று நீங்கள் சொல்ல நினைப்பீர்கள். வன விலங்கின் பாகத்தால் பொருள் செய்யும் தொழிலையே 44-ஆம் பிரிவு உரிமமின்றித் தடுக்கிறது. பொருள் யாருடையது என்பது அங்கே முக்கியமில்லை. "இதுபோல் செய்து தரப்படும்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும், ஒருமுறை தெரியாமல் செய்தேன் என்ற வாதத்தை உடைக்க.

தண்டனை எந்த மான் என்பதைப் பொறுத்தது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, முதல் அட்டவணை (மிகக் கடுமையான பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியல்) விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும். பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டி முடித்துக்கொள்ள 54-ஆம் பிரிவு இடம் தராது. பட்டறையில் உட்கார்ந்து எந்த மான் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம், அது ஆய்வகத்தின் வேலை.

இப்போது என்ன செய்வது? கொம்பிலும் முடித்த கத்தியிலும் இனி அரம் படக்கூடாது. வாடிக்கையாளருக்குக் கூரியரில் திருப்பி அனுப்பாதீர்கள், அது கைமாற்றல். எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள். பலரும் முதலில் செய்வது இதைத்தான், சாதாரண வழக்கைச் சாட்சியம் அழித்த வழக்காக மாற்றிக்கொள்கிறார்கள். விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், ஆனால் வாடிக்கையாளரோடு பேசிய செய்திகளை அழிக்க வேண்டாம். கொம்பு எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே ஆதாரம் அவைதான். பிறகு உள்ளூரில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் மூலம் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பொருளை ஒப்படையுங்கள். செதுக்கிய துண்டும் மிச்சத் தூளும்கூட அதில் சேரும். ஒப்படைத்தால் வழக்கே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 2022 திருத்தம் கொண்டுவந்த ஒப்படைப்பு வசதி சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கானது. 48 மணி நேரமும் தாண்டிவிட்டது. ஆனால் தேடி வந்து எடுப்பதற்கும் தானாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் ஜாமீன் மனுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தனியாகப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். போலீசிடம் சொன்னது செல்லாது என்பது போல வன அலுவலரிடம் சொன்னதும் செல்லாது என்று எண்ணிவிட வேண்டாம்.

வளர்ப்பு எருமையின் கொம்பு, மாட்டெலும்பு, ஒட்டக எலும்பு, ரெசின், மைக்கார்ட்டா (துணியையோ காகிதத்தையோ ரெசினில் தோய்த்து இறுக்கிய பலகை) எதற்கும் இந்தச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் 57-ஆம் பிரிவை மறக்காதீர்கள்: வன விலங்கின் பாகம் உங்களிடம் இருந்தது என்று நிறுவிவிட்டால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். ஆகவே வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பில் வேண்டும், ஈட்டி மரத்துக்கும் சேர்த்து. "மான் கொம்பு மாதிரி" என்று விற்கும் துண்டை நீங்களே சோதித்துப் பாருங்கள். மான் கொம்பைக் குறுக்கே அறுத்தால் ஓரம் வெளுத்து இறுகியிருக்கும், நடுவில் பஞ்சு போலத் துளைகள் தெரியும். மேற்புறத்தில் பழுப்பு நிற வரிகளும் முடிச்சுகளும் ஓடும். எருமைக் கொம்பில் துளை இருக்காது. அரம் போட்டுச் சூடேறினால் மயிர் கருகும் வாடை வரும். சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். கடல் ஆமை ஓடு, தந்தம் என்று யாராவது கொண்டுவந்தால் கையால் தொடாமல் அனுப்பிவிடுங்கள்.

கத்தி உரிமம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான். வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்குச் செய்தவை அதிலும் சேராது. பாக்கெட்டில் அடங்கும் மடக்குக் கத்தி அந்த அளவுக்கு வராது.

விக்டோரினாக்ஸ் விஷயம் சற்று நுணுக்கமானது. கடையில் வாங்கிய அசல் கத்தியை மறுபடி விற்பதை 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பொருளின் நிலையை மாற்றிவிட்டு விற்றால் நிறுவனம் ஆட்சேபிக்கலாம் என்று 30-ஆம் பிரிவின் 4-ஆவது உட்பிரிவு சொல்கிறது. வாடிக்கையாளர் தன் சொந்தக் கத்தியைக் கொடுத்து, நீங்கள் பிடி மாற்றித் திருப்பிக் கொடுத்தால் எதையும் விற்றதாகாது. அங்கே தொல்லை குறைவு. நீங்களே வாங்கி மாற்றி விற்பதானால், பிடி உங்கள் பட்டறையில் செய்தது, அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லை என்று விளம்பரத்திலும் பில்லிலும் எழுதுங்கள். சிலுவையும் கேடயமும் சேர்ந்த அந்தச் சின்னத்தை மட்டும் நீங்கள் செய்யும் பிடியில் பதிக்காதீர்கள். அழகுக்காகப் பதித்தேன் என்றாலும் அது போலிக் குறி. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சின்னம் வேண்டும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால் பழைய பிடியை அப்படியே ஒரு பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.