வீட்டுக் கணினிக்கு எந்த உளவு மென்பொருள் தடுப்பானைத் தேர்வு செய்யலாம்? இலவசமானதே போதுமா?

கேள்வி கேட்டவர் தம் வீட்டில் விண்டோஸ் 11 உள்ள கணினி இருப்பதாகவும், பிள்ளைகளின் படிப்புக்கும் வங்கி வேலைக்கும் அதையே பயன்படுத்துவதாகவும், சில நாட்களாகத் திரையின் வலது ஓரத்தில் 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது' என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உங்கள் வீட்டுக்குப் போதும். அதற்குத் துணையாக, நாம் சொல்லும்போது மட்டும் சோதிக்கும் இன்னொரு இலவச ஸ்கேனரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த எச்சரிக்கை காட்டும் மென்பொருளை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுவாதீர்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்ததுதான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஜூன் பிறந்துவிட்டால் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்பதைத் தவிர எங்கள் பக்கத்தில் வேறு பேச்சு இருக்காது. அப்பா தினமும் காலையில் கணினியைத் திறந்து, 120 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குக் கிளம்புவார். அப்படித் தேடிய ஒரு நாள், பெயர் தெரியாத ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் காட்ட அனுமதிக்கவும்' என்று கேட்டிருக்கிறது. அனுமதித்தால்தான் நீர்மட்டம் தெரியும் என்று நினைத்து அவரும் 'அலவ்' பொத்தானை அழுத்திவிட்டார். அன்று மாலையிலிருந்து சிவப்பு நிற எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதில் காட்டிய 'கிளீனர்' ஒன்றை அவரே இறக்கி நிறுவியிருக்கிறார்.

சனிக்கிழமை நான் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது, அப்பா ஏடிஎம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருந்தார். "தம்பி, ஆயிரத்து முந்நூறு வைரஸ் இருக்காம். நீ வர்றதுக்குள்ள பணத்தைக் கட்டிடலாம்னு பார்த்தேன்" என்றார். திரையில் 1,899 ரூபாய் கட்டச் சொல்லும் பக்கமும், அதன் மேல் நிமிடங்களைக் குறைத்துக் காட்டும் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தன. நான் அதை மூடிவிட்டு, அந்தக் கிளீனரை மறுபடியும் சோதிக்கச் சொன்னேன். முழுக் கணினியையும் இருபது நொடிக்குள் சோதித்து முடித்தது. வேகமாக ஓடிய கோப்புப் பெயர்களை உற்றுப் பார்த்தால், அவற்றில் பாதி டி டிரைவில் இருப்பதாகக் காட்டியது. எங்கள் கணினியில் டி டிரைவே கிடையாது.

இது புதிய தந்திரம் அன்று. வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் இல்லாத வைரஸைக் காட்டிப் பணம் பறித்தவர்கள்மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008லேயே நீதிமன்றம் போனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்ததாக அப்போது அது கூறியது. ஆகவே தேர்வில் நான் பார்க்கும் முதல் விஷயம், அந்த மென்பொருளை நாம் தேடிப் போனோமா, அது நம்மைத் தேடி வந்ததா என்பதே. உண்மையான பாதுகாப்பு மென்பொருள் எதுவும் முன்பின் தெரியாத வலைப்பக்கத்தில் இருந்துகொண்டு நம் கணினிக்குள் இருக்கும் கோப்புகளைச் சோதித்துச் சொல்ல முடியாது.

உங்கள் திரையில் வருவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நோட்டிஃபிகேஷனாகவே இருக்கும். குரோமின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்கள் அனைத்தையும் நீக்குங்கள். அப்படியே பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் போடாத ஒன்று அங்கே உட்கார்ந்துகொண்டு, தேடும் சொற்களையெல்லாம் வேறெங்கோ திருப்பிக்கொண்டிருந்தது.

இனி டிஃபெண்டரைப் பற்றி. 'இலவசமாக வருவதுதானே' என்று பலரும் அதை மதிப்பதில்லை. ஆனால் அது பிறந்ததே உளவு மென்பொருளைப் பிடிப்பதற்காகத்தான். ஜயன்ட் என்ற நிறுவனத்தின் ஆன்டிஸ்பைவேரை மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் வாங்கி, அதிலிருந்து உருவாக்கியதே டிஃபெண்டர். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது முழு வைரஸ் தடுப்பானாகவும் ஆனது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக் கூடங்கள் தொடர்ந்து முடிவுகளை வெளியிடுகின்றன. எதை வாங்குவதானாலும் விளம்பரத்தைப் பார்க்காமல் அந்த முடிவுகளைப் பாருங்கள்.

டிஃபெண்டரில் இரண்டு விஷயங்களை மட்டும் நீங்களே கவனிக்க வேண்டும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதிக்குள் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்ற வசதி இருக்கிறது. அது செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொன்றை நிறுவும்போது ஒட்டிக்கொண்டு வரும் இடைச்செருகல்களைத் தடுப்பது இதுதான். அடுத்தது ஆஃப்லைன் ஸ்கேன். கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் உளவு நிரல்கள் தப்புவது கடினம். கால் மணி நேரம் ஆகும். தொடங்கும் முன் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

துணை ஸ்கேனராக நான் வைத்திருப்பது மால்வேர்பைட்ஸ். அதன் இலவசப் பதிப்பு எந்நேரமும் காவல் காக்காது. நாம் சொல்லும்போது சோதித்து நீக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே, ஏனென்றால் எந்நேரமும் விழித்திருக்கும் இரண்டு தடுப்பான்களை ஒரே கணினியில் போட்டால் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடும், கணினியும் மந்தமாகிவிடும்.

பணம் கொடுத்து வாங்குவது தவறில்லை. சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் போன்றவை நம் நாட்டிலேயே நெடுங்காலமாக இயங்கும் நிறுவனங்கள். பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் வசதியோ, சிக்கல் வந்தால் கேட்க ஆளோ வேண்டும் என்றால் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. ஆனால் இலவசமோ கட்டணமோ, நம் தகவலை அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். அவாஸ்ட் தன் பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றதற்காக, 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்காவில் முடிவானது. உளவைத் தடுக்க வைத்த காவலாளியே வீட்டுச் செய்தியை வெளியே விற்றால், அந்தக் காவலை எப்படி நம்புவது?

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மிகுதியாகக் காணும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால், ஃபார்மேட் செய்து உரிமமில்லாத விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதை இயங்க வைக்கும் ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை நிறுத்துகிறார்கள். பல வேளைகளில் அது நிறுத்தியபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. கடையிலிருந்து வந்த கணினியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்டோஸ் 10 இன்னும் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள்: பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

சோதனையில் உளவு நிரல் உண்மையிலேயே பிடிபட்டால், அதை நீக்கியதோடு வேலை முடியாது. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் ஏற்கெனவே வெளியே போயிருக்கக்கூடும். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்ற வரிசையில் அவற்றை மாற்றுங்கள்; மற்ற கருவிகளில் திறந்திருக்கும் உள்நுழைவுகள் அனைத்தையும் வெளியேற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, உடனே வங்கிக்கும் தெரிவியுங்கள்.