கணினிக் கேள்வி–பதில்: வீட்டில் ஓடுகிறது, கோயிலில் ஓடவில்லை

கேள்வி: எங்கள் கோயிலில் அர்ச்சனை, நன்கொடை ரசீது போட க்யூட்டி 6 (திரையுள்ள மென்பொருள் கட்டும் கருவித்தொகுப்பு), சி++ கொண்டு ஒரு மென்பொருள் எழுதினேன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பென்டிரைவில் கொண்டுபோய்க் கோயில் கணினியில் திறந்தால் 'க்யூட்டி6கோர் டிஎல்எல் இல்லை' என்றது. அதைக் காப்பி செய்தால் அடுத்ததைக் கேட்டது. கேட்டதையெல்லாம் போட்ட பிறகு, 'பிளாட்ஃபார்ம் பிளகினைத் தொடங்க முடியவில்லை' என்று நின்றுவிட்டது. இன்னும் எது குறைகிறது?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: க்யூவிண்டோஸ் டிஎல்எல். டிஎல்எல் என்பது மென்பொருளுக்கு வேண்டிய துணை நூலகக் கோப்பு; இது விண்டோஸில் திரை காட்ட க்யூட்டிக்கு வேண்டிய பிளகின், அதாவது ஓடும்போது சேர்த்துக்கொள்ளும் துணைக்கோப்பு. அதை எக்ஸிஇ (உங்கள் மென்பொருளின் கோப்பு) பக்கத்தில் சும்மா போட்டால் வேலை நடக்காது. அங்கே 'பிளாட்ஃபார்ம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள்.

கேட்கக் கேட்கக் காப்பி செய்யும் வழியை இத்தோடு விட்டுவிடுங்கள். எக்ஸிஇயுடன் நேரடியாக இணைத்த டிஎல்எல்களை மட்டும்தான் விண்டோஸ் பெயர் சொல்லிக் கேட்கும். பிளகின்களை க்யூட்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் தேடுகிறது. கிடைக்காவிட்டால் பல நேரம் வாயே திறக்காது. 'இமேஜ்ஃபார்மட்ஸ்' ஃபோல்டரில் க்யூஜேபெக் இல்லையென்றால் ரசீதில் கோயில் படம் (ஜேபெக் என்றால்) வராது, பிழைச் செய்தியும் வராது. 'எஸ்க்யூஎல்டிரைவர்ஸ்' ஃபோல்டரில் க்யூஎஸ்க்யூலைட் இல்லையென்றால் தரவுத்தளம் திறக்காது. காவடியன்று வரிசை நிற்கும்போது தெரியவேண்டிய விஷயமல்ல இது.

வேண்டிய கோப்புகளைத் தேடிச் சேர்க்கவென்றே க்யூட்டியுடன் வரும் கருவி விண்டிப்ளாய்க்யூட்டி. ரிலீஸ் பில்டில் (பிறருக்குக் கொடுக்கக் கம்பைல் செய்தது) வந்த எக்ஸிஇயை மட்டும் ஒரு காலி ஃபோல்டரில் வைத்து, அதன்மேல் இதை ஓட்டுங்கள். பிழை தேடுவதற்கான டிபக் பில்டைக் கொடுக்காதீர்கள். அதற்கு வேண்டிய மைக்ரோசாஃப்ட் டிபக் ரன்டைமை (ஓட வேண்டிய அடிப்படை நூலகம்) பிறருக்கு வழங்க உரிமமும் இல்லை. எந்தக் கிட்டில் (கம்பைலரும் க்யூட்டியும் சேர்ந்த தொகுப்பு) கம்பைல் செய்தீர்களோ, அந்தக் கிட்டின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்தே ஓட்ட வேண்டும். மிங்ஜிடபிள்யூ கம்பைலரில் கம்பைல் செய்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் எம்எஸ்விசி கம்பைலருக்கான டிஎல்எல்களைச் சேர்த்தால் 'என்ட்ரி பாயிண்ட்' பிழை வரும். 32 பிட்டும் 64 பிட்டும் கலந்தால் 0xc000007b என்ற பிழை. திரையை க்யூஎம்எல்லில் (க்யூட்டியின் திரை வடிவமைப்பு மொழி) எழுதியிருந்தால் அந்தக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரையும் 'க்யூஎம்எல்டிர்' என்ற தேர்வில் காட்டுங்கள்.

பிறகு சோதனை. உங்கள் லேப்டாப்பில் க்யூட்டி நிறுவியுள்ள ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு எக்ஸிஇயைத் திறங்கள். குறைகிற பிளகின் வீட்டிலேயே அகப்பட்டுவிடும். 'க்யூட்டி_டிபக்_பிளகின்ஸ்' என்ற விண்டோஸ் சூழல் மாறிக்கு 1 கொடுத்தால் எங்கெங்கே தேடியது என்று வரிவரியாகச் சொல்லும். எம்எஸ்விசி ரன்டைம் குறைவதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. அது உங்கள் கணினியின் சிஸ்டம்32இல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அந்த ரன்டைமை நிறுவும் மைக்ரோசாஃப்டின் விசி ரீடிஸ்ட் நிறுவியைக் கோயில் கணினியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்; அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அங்கே விண்டோஸ் 7 என்றால் இதெல்லாம் பயன்படாது. க்யூட்டி 6 விண்டோஸ் 10இலிருந்துதான் ஓடும், ஆகவே க்யூட்டி 5.15இல் கம்பைல் செய்யுங்கள். ரசீதுத் தரவுத்தளத்தை 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே வைக்காதீர்கள், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பயனருக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர்தான் அதற்கு இடம். தமிழ் எழுத்துருவை நம்பிக்கையின் பேரில் விடாமல் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்தே அனுப்புங்கள். அதன் உரிமம் இடம் தருகிறது.

கேள்வி: தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு உபுண்டு 24.04இல் கம்பைல் செய்த தட்டச்சுப் பயிற்சி, பள்ளியின் 20.04 கணினிகளில் 'ஜிலிப்சி 2.38 இல்லை' என்கிறது. ஜிலிப்சியையும் சேர்த்துக் கட்டி அனுப்பலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) மென்பொருளை ஏற்றித் தொடங்கும் அந்தக் கணினியின் லோடரோடு பிணைந்தது. தனியாக நுழைத்தால் பெரும்பாலும் தொடங்கும்போதே விழும். 24.04இல் இருப்பது 2.39, 20.04இல் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், மறுபக்கம் ஓடாது. ஆகவே 20.04ஐ ஒரு விர்ச்சுவல் மெஷினிலோ டாக்கரிலோ (உங்கள் கணினிக்குள்ளேயே தனிச் சூழல்) வைத்து அதற்குள் கம்பைல் செய்யுங்கள். மற்ற லைப்ரரிகளை ஆப்இமேஜாக (எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) கட்டலாம். க்யூட்டி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால், திரை காட்ட அதற்கு வேண்டிய லிப்எக்ஸ்சிபி-கர்சர் லைப்ரரி ஆப்இமேஜுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக் கணினிகளில் பெரும்பாலும் குறைவது அதுதான்.